நாளமில்லாச் சுரப்பியைத் தேடிய கதை



நமது ஜொகூர் மாநிலத்தில் கூலாய்ப் பக்கம் போனாலும் சரி, குளுவாங், சிகாமாட் பக்கம் போனாலும் சரி, நம்மவர் நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு வியாதியின் பெயர் அடிபடாமல் இருக்காது. அதுதான் இனிப்புநீர். மலாய்க்காரர்கள் இதைக் 'கென்சிங் மானிஸ்' என்கிறார்கள். இனிப்பான சிறுநீர் என்பதே அதற்கும் பொருள். தமிழ்நாட்டில் நீரிழிவு என்பார்கள். பழைய மருத்துவ நூல்களில் இதன் பெயர் மதுமேகம், அதாவது தேன்போன்ற சிறுநீர் போகும் நோய். கிரேக்கர்கள் 'டயபெடீஸ்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே விட்டது தங்காமல் ஓடிவிடுகிறது என்ற கருத்தில் வந்த சொல் அது.

இந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாமே சிறுநீரைத்தான் சொல்கின்றன. நோய் எந்த உறுப்பில் பிறக்கிறதோ அந்த உறுப்பை ஒரு பெயராவது சொல்கிறதா? இல்லை. காரணம், அந்த உறுப்பு வயிற்றுக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. அது செய்யும் வேலையோ அதைவிட மறைவாக இருந்தது. சிறுநீர் இனிக்கிறது என்று தெரிந்த பிறகு, இனிப்புக்குக் காரணம் எது என்று உறுதியாகத் தெரிய மனித குலத்துக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தேடலின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நம் வீடுகளில் இன்றைக்கும் பலர் சீனி டப்பாவையும் சிறுநீரையும்தான் பார்க்கிறார்களே தவிர, உள்ளே இருக்கும் சுரப்பியைப் பார்ப்பதில்லை. டாக்டர் 'இன்சுலின்' என்று சொன்னதும் பயந்து ஓடுவதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் சுரப்பி என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் ஊர் உதாரணமே போதும். பால் மரத்தில் கோடு வெட்டுகிறோம். பால் அந்தக் கோட்டு வழியாகவே இறங்கி, தகரத் தகட்டில் வழிந்து, மங்கில் விழுகிறது. எங்கே சுரந்தது, எந்த வழியாகப் போனது, எங்கே சேர்ந்தது என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. நம் உடம்பிலும் இப்படிப்பட்ட சுரப்பிகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி ஆகியவை சுரந்ததை ஒரு குழாய் வழியே கொண்டுபோய் விடுகின்றன. அந்தக் குழாயை நாளம் என்கிறோம்.

இன்னொரு வகை இருக்கிறது. அதற்குக் கோடும் கிடையாது, மங்கும் கிடையாது. சுரந்ததை நேராக இரத்தத்தில் கலந்துவிடும். இரத்தம் அதை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் கொண்டுபோகும். இவைதாம் நாளமில்லாச் சுரப்பிகள். மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிப்பதோடு மற்றச் சுரப்பிகள் சிலவற்றையும் மேய்க்கிறது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு, உடம்பின் எரிப்பு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சின்னஞ்சிறு பாராதைராய்டுகள், இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போட்டதுபோல் அட்ரினல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. நாய் துரத்தும்போது நமக்கு எங்கிருந்தோ வேகம் வருகிறதே, அது இவற்றின் கைங்கரியம். ஆண், பெண் இனச் சுரப்பிகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

ஆனால் நம் கதாநாயகன் கணையம். இதன் விசேஷம் என்னவென்றால், இது இரண்டு கட்சியிலும் உறுப்பினர்! இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் இந்த உறுப்பு சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 100 கிராமுக்குள் அடங்கிவிடும். இதன் தலை சிறுகுடலின் வளைவுக்குள் புதைந்திருக்கிறது. வால் மண்ணீரலைத் தொடுகிறது. பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து, நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புகிறது. இது தினமும் ஒரு லிட்டருக்கு மேல் போகும். இடையிடையே, கடலில் தீவுகள்போல, வேறு வகை உயிரணுக்கள் சிறுசிறு திட்டுகளாகக் கிடக்கின்றன. அவை பத்து லட்சம் அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்று, இரண்டு பங்குதான் வரும். இந்தத் திட்டுகளுக்கு நாளம் இல்லை. இவை சுரப்பது நேரே இரத்தத்துக்குப் போகிறது.

ஒரே உறுப்பில் இரண்டு வேலை நடந்ததுதான் அறிஞர்களை இத்தனை காலம் ஏமாற்றியது.

பண்டைய இந்திய மருத்துவர்கள் இந்த நோயை நன்றாகவே கவனித்திருந்தார்கள். நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை எழுதி வைத்தார்கள். தோட்டத்துப் பாட்டிமார்களும் எறும்பைப் பார்த்துத்தானே, "ஒனக்கு இனிப்புநீர் வந்துட்டுதுடா" என்று சொன்னார்கள்! மெலிந்தவருக்கு வருவது ஒரு வகை, பருத்தவருக்கு வருவது இன்னொரு வகை என்றும் அந்த மருத்துவர்கள் பிரித்தார்கள். இந்தப் பிரிவினையை மேல்நாட்டு மருத்துவம் 1936ல்தான், ஹிம்ஸ்வர்த் என்ற ஆங்கில மருத்துவரின் ஆராய்ச்சிக்குப் பிறகு, உறுதியாகப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்களும் கணையத்தைச் சந்தேகிக்கவில்லை.

மேல்நாட்டிலும் அதே கதைதான். ரோமாபுரியில் வாழ்ந்த காலென் என்ற பெரிய வைத்தியர், கணையம் இரத்தக் குழாய்களைத் தாங்கும் மெத்தை என்று நினைத்தார். 1642ல் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சுங் என்பவர் ஒரு பிணத்தை அறுத்தபோது, கணையத்திலிருந்து குடலுக்குப் போகும் நாளத்தைக் கண்டார். அடுத்த ஆண்டே அவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அது வேறு கதை. நாளம் கிடைத்ததும் எல்லாருக்கும் நிம்மதி. கணையத்தின் வேலை செரிமானம் என்று முடிவு கட்டியாகிவிட்டது. ஒருவனுக்கு ஒரு வேலை இருப்பது தெரிந்துவிட்டால், அவனுக்கு இன்னொரு வேலையும் இருக்குமோ என்று யார் கேட்கப் போகிறார்கள்?

1674ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரை நாவில் வைத்துப் பார்த்து, தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். (முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்கு ஆய்வுக்கூடம் என்றால் டாக்டரின் நாக்குத்தான்.) நூறு ஆண்டுகள் கழித்து, 1776ல், லிவர்பூல் நகர மருத்துவர் மாத்யூ டாப்சன் அந்தச் சிறுநீரைக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாகச் சர்க்கரை நின்றது. அவர் அத்தோடு விடவில்லை, நோயாளியின் இரத்தத்தையும் பார்த்தார். அதுவும் இனித்தது. இது பெரிய திருப்பம். இனிப்பு சிறுநீரகத்தில் பிறக்கவில்லை, இரத்தத்திலேயே மிகுந்து போய்ச் சிறுநீரில் வழிகிறது என்று தெரிந்தது. அப்படியானால் இரத்தத்தில் அதை மிகவிட்டது யார்?

இங்கே கொஞ்சம் கோழிக் கூட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. 1849ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் சில சேவல் குஞ்சுகளுக்கு விதையை எடுத்துவிட்டார். அவை கொண்டை வளராமல், கூவாமல், சண்டை போடாமல் மந்தமாகிவிட்டன. வேறு சிலவற்றுக்கு எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் பதித்தார். பழைய நரம்பு இணைப்பும் இல்லை, நாளமும் இல்லை. ஆனாலும் அவை நல்ல சேவல்களாகவே வளர்ந்து, கொண்டை சிவந்து கூவின. அப்படியானால் அந்த உறுப்பிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போய்த்தான் வேலை செய்திருக்க வேண்டும். நாளமில்லாச் சுரப்பி இயலின் முதல் பாடம் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பாடத்துக்கும் நல்ல மாணவர் அமைய வேண்டும்!

1869ல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர், பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நான் மேலே சொன்ன திட்டுகளை முதன்முதலாக விவரித்தவர் அவர்தான். இவை என்ன வேலை செய்கின்றன என்பது தமக்குத் தெரியவில்லை என்று மறைக்காமல் எழுதினார். அவர் 1888ல், நடுத்தர வயதிலேயே, மதெய்ரா தீவில் காலமானார். விடையின் முதல் பாதி அடுத்த ஆண்டே வந்தது.

1889ல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர், கணையம் இல்லாமல் கொழுப்புச் செரிக்குமா என்று பார்ப்பதற்காக ஒரு நாயின் கணையத்தை முழுவதும் அகற்றினார்கள். வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகியிருந்த நாய், அடிக்கடி ஆய்வுக்கூடத்திலேயே கழிக்கத் தொடங்கிவிட்டது. ஈ மொய்த்ததால் சந்தேகம் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது பின்னால் சேர்த்த கதை என்பாரும் உண்டு. எப்படியோ, மின்கோவ்ஸ்கி அந்தச் சிறுநீரைச் சோதித்தார். நிறையச் சர்க்கரை இருந்தது. நாய்க்கு இனிப்புநீர்! பிறகு ஒரு துண்டுக் கணையத்தை நாயின் தோலுக்கடியில் பதித்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டு இருக்கும்வரை நோய் வரவில்லை, எடுத்ததும் வந்துவிட்டது. சேவலில் கண்டதே இங்கேயும் தெரிந்தது. பிரெஞ்சுக்காரரான லகெஸ் 1893ல் அந்தத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டி, சர்க்கரையை அடக்கும் பொருள் இவற்றில்தான் சுரக்கிறதோ என்று எழுதினார். 1901ல் அமெரிக்காவில் ஓப்பி என்பவர், இனிப்புநீர் கண்டு இறந்தவரின் கணையத்தில் அந்தத் திட்டுகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். இரத்தத்தில் தூது போகும் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை ஸ்டார்லிங் என்ற ஆங்கில அறிஞர் 1905ல் வழங்கினார். கிரேக்க மொழியில் 'தூண்டிவிடுகிறேன்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் நாம் இயக்குநீர் என்கிறோம். அழகான சொல்.

சரி, குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து? திட்டுகளில் சுரப்பதைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால் நோயாளி பிழைப்பாரே! பலர் முயன்றார்கள். கணையத்தை அரைத்தால் செரிமான நீரும் கலந்துவிடும், அது இயக்குநீரைக் கெடுத்துவிடும் என்று எண்ணினார்கள். கிடைத்த சாறும் நஞ்சுபோல் காய்ச்சலையும் வலிப்பையும் கொடுத்தது. இப்படி ஆண்டுகள் ஓடின. இதற்கிடையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் ஒன்று, இரண்டு ஆண்டுகள்தான். அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர் கண்ட வழி என்ன தெரியுமா? பட்டினி. சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்தி, பிள்ளையை எலும்புக்கூடாக்கி, சில மாதங்கள் கூடுதலாக உயிர் வாழ வைத்தார். பெற்ற தாய் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பதுதான் வைத்தியம். அதைவிட நல்ல வழி அன்று யாரிடமும் இல்லை.

1920 அக்டோபர் மாதம் முடியும் இரவு. கனடாவில் பிரெடரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் தூக்கம் வராமல் கிடந்தார். அவருடைய கிளினிக்கில் கூட்டம் இல்லை. திறந்த முதல் மாத வருமானம் 4 டாலர்தான் என்பார்கள். படுக்கப் போகுமுன் கணையத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தார். விடியற்காலை 2 மணிக்கு எழுந்து ஒரு குறிப்பு எழுதினார். நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானப் பகுதி சுருங்கி அழிந்துவிடும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அவற்றிலிருந்து சாறு எடுக்கலாமே என்பது அவர் யோசனை. அந்தக் குறிப்பில் நோயின் பெயரிலேயே அவர் எழுத்துப் பிழை விட்டிருக்கிறார்! மாணவர்களே, இதைச் சாக்காக வைத்துக்கொண்டு சொல்வதெழுதுதலில் புள்ளி கேட்டு வராதீர்கள்.

டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மெக்லியாட் என்ற பேராசிரியர் முதலில் தயங்கினார். பிறகு ஆய்வுக்கூடத்தில் இடமும் சில நாய்களும் கொடுத்து, உதவிக்கு ஒரு மாணவரையும் தந்தார். இரண்டு மாணவர்களில் யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்து, வென்றவர் சார்லஸ் பெஸ்ட். 1921 மே 17ல் வேலை தொடங்கியது. கோடை வெயிலில் பல நாய்கள் மாண்டன. ஆனால் கடைசியில், கணையம் இழந்து சாகக் கிடந்த நாய் சாறு ஏற்றியதும் எழுந்து நின்றது. பிறகு காலிப் என்ற இரசாயன அறிஞரும் சேர்ந்தார். நாளத்தைக் கட்டவே தேவையில்லை, மாட்டுக் கணையத்தை நேரடியாகச் சாராயத்தில் ஊறவைத்தே சாறு எடுக்கலாம் என்று தெரிந்தது. பாண்டிங்கை ஓடவைத்த யோசனையே தேவையற்றது என்று ஆகிவிட்டது, பாருங்கள்!

1922 ஜனவரி 11. டொரோண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் கிடந்தான். எடை 30 கிலோகூட இல்லை. நம் பள்ளியில் 9 வயதுப் பிள்ளையின் எடை. அவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. ஆனால் சாறு சுத்தமில்லாததால் ஊசி போட்ட இடம் புண்ணானது. காலிப் இரவு பகல் பாராமல் சாற்றைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23ல் மறுபடி போட்டார்கள். 520 என்ற அளவில் இருந்த இரத்தச் சர்க்கரை 120க்கு இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான், சாப்பிட்டான், எடை போட்டான். அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அவன் இறந்தது நிமோனியா காய்ச்சலில். (ஒரு வார்டு நிறையப் பிள்ளைகள் மயக்கத்தில் கிடந்தார்கள், கடைசிப் பிள்ளைக்கு ஊசி போடுமுன் முதல் பிள்ளை கண் விழித்தது என்று கைபேசியில் ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டியதில்லை. லியோனார்டின் கதை ஒன்றே போதும்.)

பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அந்தக் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு 1923ல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதே ஆண்டு பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மெக்லியாட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். ருமேனியா நாட்டுப் பவுலெஸ்கு என்ற அறிஞரும் 1921லேயே இதுபோன்ற சாற்றைப் பற்றி எழுதி வெளியிட்டிருந்தார். பரிசில் அவருக்கு இடமில்லாமல் போனது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1907ல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கூடிய மருத்துவர்கள், வெப்ப நாடுகளில் இனிப்புநீர் என்ற தலைப்பில் விவாதித்தார்கள். இந்தியாவில் இது படித்து, உட்கார்ந்து, எழுதிப் பிழைக்கும் வசதிக்காரர்களைத் தாக்கும் நோய் என்று அங்கே பேசப்பட்டது. 'பணக்கார வியாதி' என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. அதே காலத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டனார்களைக் கொன்றது மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், சில நூறு மரங்களைச் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்து நடந்தவர் உடம்பில் சர்க்கரை தங்க எங்கே நேரம்?

பிறகு காலம் மாறியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ல் டாக்டர் எம். விஸ்வநாதன் இனிப்புநீருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்குத் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஒரு தமிழ் நகரத்தில் தனிப் பிரிவே வைக்கும் அளவுக்கு அப்போதே நோயாளிகள் இருந்தார்கள். இங்கே ஜொகூரில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், சினாய் என்று தொழிற்சாலைகளைத் தேடிப் போயின. நடந்த கால்கள் பஸ்ஸில் ஏறின, மோட்டார் சைக்கிளில் ஏறின. இரவு ஷிப்ட், காலையில் ரொட்டி சானாய், மணிக்கொரு டின் பால் தேநீர். சாப்பாடு கூடியது, நடை குறைந்தது. 1985ல் லண்டன் சௌத்தால் பகுதியில் எடுத்த கணக்கிலும் இந்திய வம்சாவளியினரிடம் இந்த நோய் வெள்ளைக்காரரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. நம் உடம்புவாகில் ஏதோ ஓர் இழுப்பு இருக்கிறது. அதற்குத் தீனி போட்டது புதிய வாழ்க்கை.

நம் நாட்டில் 1986ல் எடுத்த முதல் தேசிய சுகாதாரக் கணக்கில், 35 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் இருந்தது. 2019ல், 18 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 18.3 பேர். வயது எல்லை வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் 2019 கணக்கில் இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிசளிப்பு விழாவில் உங்கள் வரிசையில் எத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

பெரியவர்களுக்கு வரும் இந்த வகையில் கணையம் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. அது சுரக்கும் இன்சுலினை உடம்பு மதிப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஆண்டுக் கணக்கில் உழைத்து, கடைசியில் களைத்துப் போகிறது. நம் இரத்தம் முழுவதிலும் இருக்க வேண்டிய சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டிதான். அந்த ஒரு தேக்கரண்டிக் கணக்கைக் காப்பதற்குத்தான் இந்தப் பாடு. கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 7ஐ எட்டிவிட்டால் இனிப்புநீர் என்று எழுதுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தில் அதே அளவு 126 என்று இருக்கும். அளவுகோல்தான் வேறு, 18ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பே தெரியாது, அதனால் சர்க்கரை குறையும் என்பார்கள். நாக்கில் இனிப்பு மறைவது உண்மைதான். ஆனால் நோய் நாக்கில் இல்லையே!

மாத்திரையால் அடங்காத நிலையில் டாக்டர் இன்சுலின் எழுதுகிறார். உடனே வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? "ஊசி வந்துட்டா கடைசிதாங்க." "எங்க அத்தைக்கு ஊசி போட்டாங்க, ஆறு மாசத்துல கண்ணு போச்சு, கிட்னி போச்சு." கண்ணும் கிட்னியும் கெட்டது ஊசியாலா, ஊசி போடாமல் பத்து ஆண்டுகள் கடத்தியதாலா? நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். இன்சுலின் வெளியிலிருந்து வந்த விஷம் இல்லை. நம் கணையம் பிறந்த நாள் முதல் சுரந்துவந்த அதே நீர்தான். கடையில் கடன் வாங்குவதுபோல், உள்ளே தீர்ந்ததை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு தயக்கமும் உண்டு. முன்பு இன்சுலினை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள். நம்மில் பலருக்கு மாடு ஆகாது, முஸ்லிம் அன்பர்களுக்குப் பன்றி ஆகாது. அந்தச் சங்கடத்துக்கு 1978ல் வழி பிறந்தது. மனித இன்சுலினுக்கான மரபுக் குறிப்பை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதையே சுரக்க வைத்தார்கள். 1982ல் அது விற்பனைக்கு வந்தது. பேனா வடிவிலான ஊசி 1985ல் வந்தது. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்ட காலமெல்லாம் போய்விட்டது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திறக்காத மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஐஸ் கட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பயன்படுத்திக்கொண்டிருப்பதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தினால், மருந்து செத்துவிடும்.

கடைசியாக, பிள்ளைகளைப் பற்றி. லியோனார்டுக்கு வந்தது பெரியவர்களுக்கு வரும் வகையன்று. உடம்பின் காவல் படையே கணையத் திட்டுகளைத் தாக்கி அழித்துவிடுவதால் வருவது அது. சீனி தின்றதால் வருவதில்லை, தாய் தகப்பன் வளர்ப்பாலும் வருவதில்லை. அபூர்வம்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்கும் வருகிறது. எங்கள் வகுப்பறையில் அது எப்படித் தெரியும் என்றால், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அரை மணிக்கொரு தரம், "சார், வெளியே போகணும்" என்று எழுந்து நிற்கும். தண்ணீர்ப் புட்டியை இரண்டு தரம், மூன்று தரம் நிரப்பும். நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளக்கும். இராத்திரி படுக்கையை நனைக்காமல் பழகிய பிள்ளை மறுபடி நனைக்கும். பூச்சி விழுந்திருக்கும், கண்ணு பட்டிருக்கும் என்று காத்திருந்தால், சில நாட்களிலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழம் அழுகிய மாதிரி ஒரு வாடை, பிறகு மயக்கம் என்று போய்விடும். அதற்குள் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், "விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தம் போதும், ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். வாந்தியும் மூச்சில் வாடையும் தொடங்கியிருந்தால் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்காமல், நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.